பழைய பிழையும் புதிய பொறுப்பும்

(பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கற்பதற்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்

1. பரீட்சையில் ஒருமுறை பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளை, பின்னர் மாணவத் தலைவர் போன்ற பொறுப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய பிழையை என்ன செய்வது என்று சிந்தித்தல்.
2. உண்மையை யாரிடம், எப்படி, எவ்வளவு சொல்வது என்று அறிதல்.
3. இதில் பெற்றோரின் கடமை என்னவென்று உணர்தல்.



வன்னியில் வயலும் கிணறும் விட்டு வந்து, கிருலப்பனையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இது குறிப்பிட்ட எவருடைய கதையுமல்ல. நம்மில் பலருக்குப் பொருந்தும் ஓர் உதாரணம் மட்டுமே. தகப்பன் வெள்ளவத்தைக் கடையொன்றில் சிப்பந்தியாக நிற்கிறார். தாய் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மூத்த மகள் இப்போது தரம் 12இல் படிக்கிறாள். ஊரில் தரம் 9இல் இருந்தபோது, தவணைப் பரீட்சையில் துண்டுக் கடதாசி வைத்திருந்து பிடிபட்டவள். அந்தப் பாடத்துக்குப் புள்ளி கிடைக்கவில்லை. பெற்றோரை அதிபர் அழைத்துப் பேசினார். அதன் பிறகு கொழும்புக்கு வந்து, புதிய பாடசாலையில் ஒழுங்காகப் படிக்கிறாள். இப்போது மாணவத் தலைவர் தெரிவுக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். முன்னர் ஏதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்பட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது.

தகப்பன் சொல்கிறார்: “பிள்ளை, உதைப்பற்றி ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை. இஞ்சை ஆருக்கும் தெரியாது.”

அவர் கெட்ட மனிதரல்லர். பிள்ளை தலை குனியக்கூடாது என்ற பாசத்தில் சொல்கிறார். அவர் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் சில விபரங்களே இருக்கும். பழைய பாடசாலையின் ஒழுக்காற்றுப் பதிவு பிள்ளையோடு பஸ் ஏறி வருவதில்லை. அப்படியானால் “இல்லை” என்று எழுதிவிட்டால் என்ன? இதுவே இன்றைய பாடத்தின் கேள்வி.

மாணவத் தலைவர் என்பது என்ன?

மாணவத் தலைவர் முறை ஆங்கிலேயர் காலப் பாடசாலைகளிலிருந்து நமக்கு வந்தது. காலைக் கூட்டத்தில் வரிசை ஒழுங்குபடுத்துவதும், பிந்தி வருபவரைக் குறிப்பதும், ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. சின்னம் குத்துவது அழகுக்காக அல்ல. நற்சான்றிதழில் அது எழுதப்படும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் போகும்போது நேர்முகத் தேர்வில் கேட்கப்படும். சொந்தக்காரரும் சிபாரிசும் இல்லாத ஊரில் வாழும் நமது பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமல்ல.

வெளிநாடுகளிலும் இத்தகைய தெரிவுகள் உண்டு. அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளில் 1921இல் தொடங்கிய தேசிய கௌரவ மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கல்வி, சேவை, தலைமைத்துவம், நன்னடத்தை ஆகிய நான்கையும் பார்த்தே அதில் மாணவரைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு புள்ளி எடுத்தாலும் நான்காவது இல்லையென்றால் இடமில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஐந்து ஆசிரியர் கொண்ட குழு இதைத் தீர்மானிக்கிறது. சேர்ந்த பின் ஒருவர் பிழை செய்தால், அவர் பக்க நியாயத்தைக் கேட்ட பிறகே நீக்கலாம். பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளைகள் இனித் தமக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கவலைப்படுவது அந்த நாட்டிலும் உள்ளதுதான்.

ஆகவே பொறுப்பு என்பது புள்ளிக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. அது நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்படுவது.

பார்த்தெழுதுவது யாரைப் பாதிக்கிறது?

“ஒரு கணக்கைப் பார்த்தெழுதினால் யாருக்கு என்ன நட்டம்?” என்று சிலர் கேட்பார்கள். 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. அதைச் செய்தவர்கள் பிள்ளைகளல்லர், வளர்ந்தவர்கள். ஆனால் நேர்மையாக எழுதிய பிள்ளைகளின் புள்ளியும் சந்தேகத்துக்கு உள்ளானது. பெறுபேறு தாமதித்தது, பெற்றோர் நீதிமன்றம் போனார்கள், 2024 டிசம்பர் 31ஆம் திகதிதான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பத்து வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நமக்குத் தெரிந்த முறையில் சொன்னால், விதைநெல்லில் பதர் கலந்து விற்பது போன்றது இது. வாங்கியவன் ஒருவனின் வயல் மட்டும் கெடுவதில்லை. அடுத்த போகத்தில் அந்த ஊர் விதைநெல்லையே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஏன் நடக்கிறது?

பிள்ளையைக் கண்டிக்கு முன் நம்மையும் பார்ப்போம். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைக்குப் பாடங்கள் விடுபட்டுப் போகின்றன. புதிய பாடசாலையில் அந்த அலகு முடிந்திருக்கும். ஓர் அறை வீட்டில் சமையலும் படிப்பும் ஒரே இடத்தில் நடக்கின்றன. மற்றப் பிள்ளைகள் ரியூஷனுக்குப் போக, நம் பிள்ளைக்குக் காசில்லை. தேர்ச்சி அறிக்கை வந்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வியோ, “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?” என்பதே. “எது விளங்கவில்லை?” என்று கேட்பவர் குறைவு. எப்படியாவது புள்ளி வந்தால் போதும் என்று வீட்டில் கேட்டுப் பழகிய பிள்ளை, எப்படியாவது புள்ளி எடுக்கப் பார்க்கும்.

இவை காரணங்கள். ஆனால் இவை பிழையைச் சரியாக்கமாட்டா. இதே நிலையில் இருந்துகொண்டு, தெரியாத வினாவுக்கு வெற்றிடம் விட்டு எழுந்து வந்த பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும்.

மறைத்தால் என்ன?

மூன்று விடயங்களைச் சிந்திப்போம்.

முதலாவது, மாணவத் தலைவரின் வேலையே மற்றவர் செய்யும் குழப்படியைத் தடுப்பது. பழைய பிழையை மறைத்துச் சின்னம் குத்திய பிள்ளை, பார்த்தெழுதுகிற இன்னொரு பிள்ளையைத் தடுக்கப் போகும். “நீ ஊரிலே என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்” என்று அந்தப் பிள்ளை ஒரு சொல் சொன்னால் போதும். ஊர்ப் பிள்ளைகள் கொழும்புக்கு வருவதும், கைத்தொலைபேசியில் பேசிக்கொள்வதும் இன்று சாதாரணம். அந்த நாளிலிருந்து நம் பிள்ளை மாணவத் தலைவர் அல்ல; தன் இரகசியத்தை அறிந்தவர்களுக்கு அடிமை.

இரண்டாவது, மறைப்பது பழைய பிழையைப் புதிய பிழையாக மாற்றுகிறது. தரம் 9இல் துண்டு வைத்திருந்தது பதினான்கு வயதுப் பிள்ளையின் பிழை, தண்டனையும் முடிந்தது. இன்று படிவத்தில் “இல்லை” என்று எழுதுவது பதினேழு வயதில், யோசித்து, பெற்றோரின் சம்மதத்தோடு செய்யும் பொய். பின்னர் தெரிய வந்தால், அதிபர் முன்னால் வைக்கப்படுவது பழைய துண்டுக் கடதாசியல்ல, இந்தப் படிவமே. கோரையை மேலே வெட்டிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும்; கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது என்பதைக் கமக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, இது நமக்கே உரியது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் எத்தனை பேர் பத்திரங்களைக் கையில் கொண்டு வந்தோம்? 2009இல் வன்னியில் கடைசிவரை இருந்தவர்களிடம் எத்தனை காணி உறுதிகள் மிஞ்சின? பிறப்பு, திருமணம், காணி, படிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் கிராம சேவையாளர் முன்னும் சமாதான நீதவான் முன்னும் நின்று, “இது உண்மை” என்று சத்தியக் கடதாசி முடித்தோம். ஆதாரம் இல்லாத இடத்தில் நம் வாய்ச்சொல்லை நம்பும்படி உலகத்தைக் கேட்டோம். இன்றும் கேட்கிறோம். நிலத்தை இழந்தவனிடம் மிஞ்சியிருக்கும் உறுதிப் பத்திரம் அவனுடைய சொல் ஒன்றே. பதிவேடு இல்லாதது பொய் சொல்ல வசதி என்று பிள்ளைக்குப் படிப்பித்தால், நம் கையில் மிஞ்சியதையும் நாமே கிழித்தெறிகிறோம்.

திருமறையில் ஓர் இடம்பெயர்ந்தவர்

தொடக்க நூலில் யாக்கோபின் வரலாற்றை வாசியுங்கள் (அதிகாரங்கள் 27 முதல் 33 வரை). பார்வை மங்கிய தகப்பன் ஈசாக்கு, “நீ யார்?” என்ற கருத்தில் கேட்டபோது, யாக்கோபு ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, தன்னை ஏசா என்று சொன்னார். ஆசீர்வாதம் கிடைத்தது. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஓடிப்போய் இருபது ஆண்டுகள் அந்நிய இடத்தில், மாமன் லாபானின் மந்தையை மேய்த்தார். ஏமாற்றியவர் அங்கே தாமும் ஏமாற்றப்பட்டார்.

திரும்பி வரும் வழியில், யாபோக்கு ஆற்றங்கரையில், இரவு முழுவதும் போராடிய பின், அவரிடம் மறுபடியும் பெயர் கேட்கப்படுகிறது. இம்முறை அவர் ஏசா என்று சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அப்போதுதான் அவருக்குப் புதிய பெயர் கொடுக்கப்பட்டது. இடுப்பில் பட்ட அடியால் அவர் நொண்டிக்கொண்டே நடந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கிடைத்தது, ஆனால் நடந்தது நடக்காததாக ஆகவில்லை. பின்பு அவர் தாம் ஏமாற்றிய அண்ணனுக்கு முன்னால் போய்த் தரையில் விழுந்து வணங்கினார். அண்ணன் ஓடிவந்து கட்டியணைத்தார்.

பொய்ப் பெயரில் பெற்ற ஆசீர்வாதம் அவரை ஊரைவிட்டு ஓடச் செய்தது. உண்மைப் பெயரில் பெற்ற ஆசீர்வாதம் அவரை ஊருக்குத் திரும்பச் செய்தது. நம் பிள்ளைகள் எந்தப் பெயரில் சின்னம் பெறப்போகிறார்கள்?

எப்படிச் சொல்வது?

எல்லாப் பிழையையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நிலைமையைப் பொறுத்து நடக்க வேண்டும்.

(அ) படிவத்திலோ நேர்முகத்திலோ கேட்டால்: உள்ளதைச் சொல்ல வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

(ஆ) படிவத்தில் கேட்காவிட்டால்: எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கடமையில்லை. ஆனால் கேட்கப்படும் பொறுப்பு ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்டது. ஆகவே, பொறுப்பாசிரியரைத் தனியே கண்டு சொல்லிவிடுவது பிள்ளைக்கே பாதுகாப்பு. பிறகு எவரும் பயமுறுத்த முடியாது.

(இ) பொதுப் பரீட்சையில் நடந்திருந்தால்: சாதாரண தரம், உயர்தரம் போன்றவை 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. பெறுபேறு இரத்துச் செய்யப்படலாம். குறித்த காலத்துக்குப் பரீட்சை எழுதத் தடையும் வரலாம். இது தவணைப் பரீட்சை போன்றதல்ல. கடிதம் வந்தால் ஒளித்து வைக்காமல் உடனே அதிபரிடம் காட்டுங்கள். விளக்கம் கேட்டிருந்தால், குறித்த திகதிக்கு முன், சுட்டெண்ணைக் குறிப்பிட்டு, பத்தரமுல்லையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்துக்கு உண்மையை எழுதுங்கள். “ஆளைப் பிடித்துச் சரிசெய்து தருகிறேன்” என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

சொல்லும்போது நான்கு விடயங்கள் போதும்: என்ன செய்தேன், எப்போது செய்தேன், என்ன தண்டனை கிடைத்தது, அதன் பின் என்ன செய்தேன். முதல் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி, நான்காவதைச் சற்று விரிவாகச் சொல்லலாம். இடப்பெயர்வையும் வறுமையையும் காரணமாக நீட்டக்கூடாது. தோழி மீது பழி போடக்கூடாது. அழுது இரக்கம் தேடவும் வேண்டாம்.

நான்காவது விடயத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். சக்கேயு வாயால் மட்டும் மனம் மாறவில்லை. எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். பார்த்தெழுதிய பாடத்தைத் திரும்பப் படித்துச் சொந்தமாகச் சித்தியடைவதும், அதே பாடத்தில் பின்தங்கிய சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பிள்ளை திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன்.

மாதிரிக் கடிதம்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு,

மாணவத் தலைவர் தெரிவுக்கு விண்ணப்பிக்கும் நான் தரம் 12 மாணவி. படிவத்தின் கேள்விக்கு “ஆம்” என்று எழுதியிருப்பதால் இந்த விளக்கத்தை இணைக்கிறேன்.

முந்திய பாடசாலையில் தரம் 9இல், இரண்டாம் தவணைக் கணிதப் பரீட்சைக்கு நான் துண்டுக் கடதாசி கொண்டு சென்றேன். மேற்பார்வை செய்த ஆசிரியை கண்டுபிடித்தார். அந்தப் பாடத்துக்கு எனக்குப் புள்ளி வழங்கப்படவில்லை. என் பெற்றோரும் அழைக்கப்பட்டார்கள். அது என் பிழை; வேறு எவரும் அதற்குக் காரணமல்லர்.

அடுத்த தவணையில் அந்த அலகுகளை மீண்டும் படித்தேன். சாதாரண தரத்தில் கணிதத்தில் என் சொந்த முயற்சியால் சித்தியடைந்தேன். ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஆலய மண்டபத்தில் தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இவ்விடயத்தை நீங்கள் விசாரித்து அறிவதற்கு முன் நானே தெரிவிக்க வேண்டும் என்று எண்ணினேன். உங்கள் தீர்மானம் எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள மாணவி

இக்கடிதத்தை அப்படியே பார்த்தெழுத வேண்டாம். பிள்ளை தன் சொந்தச் சொற்களில் எழுதட்டும். செய்ததை மட்டும் எழுதட்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

1. பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், அடிக்கவோ ஏசவோ வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை திருந்தாது; மறைக்கவே பழகும்.
2. அதிபரைக் காணப் போகும்போது கூடவே போங்கள். ஆனால் பிள்ளையே பேசட்டும்.
3. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ, “குற்றம் குறை ஏதுமற்ற பிள்ளை” என்று கடிதம் எழுதித் தரும்படி வற்புறுத்த வேண்டாம். அவர் அறிந்ததையே எழுதட்டும். பிழை செய்து திருந்திய பிள்ளை என்று உண்மையாக எழுதிய கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.
4. அன்பளிப்பு, சிபாரிசு எதுவும் வேண்டாம். ஒரு களவை மறைக்க இன்னொரு களவு உதவாது.
5. இளைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். அக்கா எப்படி நடந்தாள் என்பதே தம்பிக்குப் பாடம்.

கிடைக்காவிட்டால்?

உண்மை சொன்னதற்காகச் சின்னம் கட்டாயம் கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. பிழை செய்யாத பிள்ளைகளும் விண்ணப்பித்திருப்பார்கள். தெரிவுக்குழு அவர்களை முதலில் எடுத்தால் அது அநியாயமல்ல. “உண்மை சொன்னதால்தான் இழந்தாய்” என்று பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். நூலகம், சாரணியம், முதலுதவி என வேறு பொறுப்புகளும் உண்டு.

மறுபுறம், ஒரு பிழையை ஆயுள் தண்டனையாக்குவதும் கிறிஸ்தவ வழியல்ல. நல்ல பாடசாலையின் வழியும் அல்ல. உலகப் புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 2012இல், வீட்டில் வைத்து எழுதும் பரீட்சையொன்றில் விடைகளைப் பகிர்ந்தார்கள் என்று சுமார் 125 மாணவர் மீது சந்தேகம் எழுந்தது. விசாரணையின் முடிவில் அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்தை விட்டுச் சிறிது காலம் விலகியிருக்க வேண்டுமென 2013இல் அறிவிக்கப்பட்டது. இப்படி விலக்கப்படுவோர் வெளியே போய் ஆறு மாதமேனும் சம்பளத்துக்கு முழுநேர வேலை செய்துவிட்டே மீண்டும் வரலாம் என்பது அப்போது அங்கிருந்த ஒழுங்கு. தண்டனை உண்டு, அதற்கு எல்லையும் உண்டு, திரும்பி வர வாசலும் உண்டு.

நம் வயல்களில் உவர் ஏறினால் என்ன செய்தோம்? வரம்பு கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தோம், தழை பரப்பினோம், சில போகம் பொறுத்திருந்தோம். உவரே இல்லை என்று சொல்லி விதைத்தவனுக்கும் விளையவில்லை. உவர் நிலம் என்று கைவிட்டவனுக்கும் விளையவில்லை. பிள்ளையின் காரியத்திலும் பெற்றோர், ஆசிரியர் இரு சாராரும் இதை நினைவில் வைத்தால் நல்லது.

குழுவில் கலந்துரையாட

1. மேலே சொன்ன தகப்பனின் இடத்தில் நீங்கள் இருந்தால் மகளுக்கு என்ன சொல்வீர்கள்? ஏன்?
2. இடம்பெயர்ந்தபின் ஆதாரம் எதுவுமின்றி உங்கள் சொல்லை ஒருவர் நம்பிய சந்தர்ப்பம் உண்டா? அன்று நம்பாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?
3. தேர்ச்சி அறிக்கை வரும் நாளில் நம் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? அதை எப்படி மாற்றலாம்?
4. யாக்கோபு முதலில் சொன்ன பெயருக்கும் பின்பு சொன்ன பெயருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவீர்கள்?
5. நீங்கள் தெரிவுக்குழுவில் இருந்தால், இக்கடிதத்தை எழுதிய பிள்ளையைத் தெரிவு செய்வீர்களா?

செய்முறை

அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலை நேரம் பிள்ளைகளோடு இருந்து, “எந்தப் பாடத்தில் எது விளங்கவில்லை?” என்று கேட்டுக் கொப்பியொன்றில் குறித்து வரவும். குழுவில் உயர்தரம் படித்த இளைஞர் இருந்தால், வாரத்தில் ஒருநாள் அவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒழுங்கு செய்யலாம். விளங்கிய பிள்ளைக்குத் துண்டுக் கடதாசி தேவைப்படாது.